2005-06 சீரீ ஆ: 91 புள்ளி எடுத்த யுவென்டஸ் ஏன் முதலிடத்தில் இல்லை?

இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான சீரீ ஆவின் 2005-06 பட்டியலில், கூட்டிப் பார்த்தால் யுவென்டஸ் அணிக்கு 91 புள்ளி வருகிறதே, பிறகு ஏன் இண்டர் மிலான் முதலிடத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கூட்டலில் பிழையில்லை. வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 புள்ளி வீதம், 27 வெற்றி, 10 சமநிலை, 1 தோல்வி என்று யுவென்டஸ் களத்தில் எடுத்தவை 91 புள்ளிகளே. உங்களிடம் உள்ள பட்டியல் 76 புள்ளிகளுடன் இண்டர் மிலானை முதலிடத்தில் வைத்திருப்பதும் சரிதான்.

நடுவர் நியமனத்தில் அணி நிர்வாகிகள் செல்வாக்குச் செலுத்தியதாக 2006இல் வெடித்த கால்சியோபோலி விவகாரத்தின் தீர்ப்பில், யுவென்டஸ் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டு இரண்டாம் நிலைத் தொடருக்கு இறக்கப்பட்டது. ஏசி மிலான், ஃபியோரென்டினா, லாட்சியோ ஆகிய அணிகள் தலா 30 புள்ளிகளை இழந்தன.

ஏசி மிலானின் வரிசையைப் பாருங்கள். 28 வெற்றி, 4 சமநிலைக்கு 88 வர வேண்டும். அங்கே 58 என்றிருந்தால், அது தீர்ப்புக்குப் பிந்தைய பட்டியல்.

இதே கணக்கை 2004-05க்குப் பொருத்திவிடாதீர்கள். அந்தப் பருவத்தின் சாம்பியன் பட்டமும் யுவென்டஸிடமிருந்து பறிக்கப்பட்டது என்றாலும், வேறெந்த அணிக்கும் வழங்கப்படவில்லை.