பான்ஹாமின் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மாதமாக லெட் ஸெப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று பிடிபடவில்லை. 1980 செப்டம்பரில் அதன் டிரம்ஸ் வாசிப்பாளர் ஜான் பான்ஹாம் இறந்தார். டிசம்பரில் குழுவையே கலைத்துவிட்டார்கள். பாட ராபர்ட் பிளான்ட், கிட்டாருக்கு ஜிம்மி பேஜ், பேஸுக்கு ஜான் பால் ஜோன்ஸ் எல்லோரும் இருந்தார்களே? பின்னால் உட்கார்ந்து தாளம் போடுகிறவருக்கு மாற்று ஆளா கிடைத்திருக்காது? டிரம்ஸ் வாசித்த கீத் மூன் இறந்தபின் தி ஹூ குழு தொடரவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘பின்னால் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்’ என்கிறீர்கள். குழப்பமே அங்குதான்.

1971ல் வந்த அவர்களின் நான்காவது இசைத்தட்டை எடுத்து, கடைசிப் பாட்டான ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ஸை மறுபடி கேளுங்கள். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம். ஒருகாலத்தில் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இடம். அதன் கூடத்தில், படிக்கட்டுக்கு அடியில் டிரம்ஸ். மாடியிலிருந்து தொங்கவிட்ட இரண்டே மைக். ஒலிப்பதிவு செய்தவர் ஆண்டி ஜான்ஸ். அடி விழுந்ததும் அந்த வீடே சேர்ந்து அதிர்வது கேட்கும். கிட்டாரும் ஹார்மோனிகாவும் பிறகுதான் வந்து அதன்மேல் ஏறிக்கொள்கின்றன.

பாட்டின் மூலம் அவர்களுடையதல்ல. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னி, கான்சஸ் ஜோ என்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள் 1929ல் பதிவுசெய்தது. இதிலாவது மின்னியின் பெயரைப் போட்டார்கள். அவர்களின் இன்னொரு பாட்டான ‘ஹோல் லாட்டா லவ்’வில் தன் வரிகள் இருப்பதாக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குப் போட்ட பிறகுதான் கணக்குத் தீர்ந்தது. கறுப்பினக் கலைஞர்களிடம் அள்ளியதை மறைத்த குழு என்ற பேச்சில் நியாயம் உண்டு. ரசிகனான எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் அந்த டிரம்ஸ் ஒலி யாரிடமும் வாங்கியதல்ல. 1986ல் பீஸ்டி பாய்ஸ் தங்கள் ராப் பாட்டுக்கு வெட்டி எடுத்துக்கொண்டது பிளான்டின் குரலை அல்ல, அந்த அடியை. பிறகு எத்தனையோ பேர் எடுத்தார்கள்.

தி ஹூவைச் சொன்னீர்கள். மூனின் இடத்துக்கு வந்த கென்னி ஜோன்ஸ் நல்ல வாசிப்பாளர், சந்தேகமில்லை. ஆனால் மூனுக்குப் பிந்தைய இசைத்தட்டுகளை நீங்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

மாற்று ஆள் கிடைத்திருக்காதா என்ற கேள்விக்கு வருகிறேன். கிடைத்தார்கள், ஒருவரல்ல இருவர். 1985ல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி மேடையில் மீதி மூவருக்கும் ஃபில் காலின்ஸ், டோனி தாம்சன் இரண்டு பேருமாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஒத்திகை போதவில்லை, பிளான்டின் குரல் கம்மியிருந்தது, பேஜின் கிட்டார் சுருதி விலகியது. அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஓர் இரவு முழுக் கச்சேரி செய்தார்கள். அன்று டிரம்ஸில் உட்கார்ந்தவர் ஜேசன் பான்ஹாம், ஜானின் மகன். அது டிவிடியாக வந்திருக்கிறது, பாருங்கள்.

அன்புடன்.