புளிய மரம் ஆணா, பெண்ணா?

கேள்வி: காத்தான்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடசாலை மூலிகைத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறோம். புளிக்கு அதன் லத்தீன் விஞ்ஞானப் பெயரை 'டாமரிண்டஸ் இண்டிகா' என்று எழுதியதைப் பார்த்த உயர்தர மாணவன் ஒருவன், "முதற்சொல் 'அஸ்' என்று முடிந்தால் மற்றதும் 'இண்டிகஸ்' என்றுதானே வரவேணும், டீச்சர்?" என்கிறான். மாற்றவா?

பதில்: மாற்றாதீர்கள். ஆனால் பையனைப் பாராட்டுங்கள், கேள்வி கெட்டிக்காரத்தனமானது.

லத்தீனில் அடைச்சொல் பெயரின் பாலைப் பார்த்து மாறும். நாம் கரியன், கரியள், கரியது என்பதுபோல அங்கே நைகர், நைக்ரா, நைக்ரம். மிளகு அஃறிணைபோல மூன்றாம் பால், ஆகவே 'பைப்பர் நைக்ரம்'. கர்ப்பிணியின் வயிற்றில் நெடுக ஓடும் கருங்கோடு 'லீனியா நைக்ரா'. லத்தீனில் கோடு பெண். கீழ்காய்நெல்லி ஆண்: 'ஃபைலாந்தஸ் அமாரஸ்'. அமாரஸ் என்றால் கைப்பு, வாயில் போட்டவருக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, புளி? பெயர் 'அஸ்' என்று முடிந்தாலும் மரங்களைப் பெண்பாலாகக் கொள்வது லத்தீன் வழக்கம். அரசமரமும் 'ஃபைகஸ் ரெலிஜியோசா'தான்.

'டாமரிண்டஸ்' வந்தது அரபியின் 'தமர் ஹிந்தி'யிலிருந்து, அதாவது இந்தியப் பேரீச்சை. உங்கள் பிரதான வீதியில் நிற்கும் பேரீச்ச மரங்களைக் காட்டியே விளங்கப்படுத்தலாம். அதன் பின்னால் 'இண்டிகா', மறுபடியும் இந்தியா! மரத்தின் பூர்வீகமோ ஆபிரிக்கா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர்; பொருள் பிழைத்தது என்பதற்காகப் பெயரை மாற்ற விதி இடம் தராது. நம் கிழக்கில் காய்த்துக் கொட்டும் மரமுந்திரிகைக்கும் அவர் வைத்தது 'ஒக்சிடென்டாலே', மேற்கத்தியது.

வாவிக்கரைக் கண்ணா மரத்துக்கும் ஒரு பலகை வையுங்கள். 'அவிசெனியா அஃபிசினாலிஸ்'. முதற்சொல் நம் பழைய மருத்துவ மேதை இப்னு சீனாவின் பெயர். மற்றது 'மருந்துச்சாலைக்குரிய' என்று பொருள். இஞ்சியில் அதுவே 'அஃபிசினாலே' ஆகும். இந்த வகைச் சொற்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'இஸ்', மூன்றாம் பாலுக்கு 'ஏ'.

பலகையில் முதற்சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. 'இண்டிகா' ஊர்ப்பெயரிலிருந்து வந்தாலும் சிறிய எழுத்துத்தான். பெயின்ட் அடிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். கையால் எழுதுவதென்றால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே அடிக்கோடு இடுங்கள், ஒரே கோடாக இழுக்க வேண்டாம்.