மாஸ்டர் சொல்லித்தருவதில் சந்தேகம், கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் ஷோட்டோகான் கராத்தே கற்று பிளாக் பெல்ட் வாங்கியவன். வேலை மாறி சேலம் வந்தபின், அஸ்தம்பட்டி பக்கம் கோஜு ரியூ என்ற வேறு கராத்தே பாணி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். மாஸ்டருக்கு வயது 29. வகுப்புக்கு வெளியே என்னை 'அண்ணா' என்பார். நிற்கும் நிலை, குத்து என்று எல்லாமே நான் கற்றதற்கு மாறாக இருக்கிறது. அது போகட்டும். கத்தியோடு ஒருவன் வந்தால் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துத் தடுத்து, மணிக்கட்டை முறுக்கிப் பறிக்கச் சொல்கிறார். அடுத்த மாதம் ஒரு பெண்கள் கல்லூரியில் இதைச் செய்துகாட்டப் போகிறோம். கத்தி பிடிப்பவன் நான்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமா?
- அம்மாப்பேட்டை வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று உங்கள் பிரச்சினை, இன்னொன்று மாஸ்டருடையது.

முதலில் உங்களுடையது. ஷோட்டோகானில் காலை நீட்டி, தாழ்ந்து நிற்பீர்கள். இழுக்கும் கை இடுப்புக்கு வரும். கோஜு ரியூ நெருங்கி நின்று சண்டை போடுகிற வழி. அதன் சான்சின் நிலையில் காலடி குறுகல், இழுக்கும் கையும் விலாவுக்கு ஏறிவிடும். ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனகோஷி, கோஜு ரியூவைத் தொடங்கிய மியாகி இருவருமே ஜப்பானின் ஒக்கினாவா தீவுக்காரர்கள்தான், ஆனால் போன பாதை வேறு. இதில் மாஸ்டரிடம் தப்புத் தேடாதீர்கள். கோவையில் வாங்கிய பெல்ட்டை இடுப்பில் கட்டுங்கள், தலையில் கட்ட வேண்டாம்.

கத்தி விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. வகுப்பில் என்ன நடக்கிறது? நீங்கள் ஒரு அடி முன்னால் வந்து ஒரே ஒரு குத்து குத்துகிறீர்கள். அப்புறம் மாஸ்டர் முறுக்கி முடிக்கும் வரை கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். நிஜத்தில் எவனும் அப்படி நிற்க மாட்டான். இடது கையால் சட்டையைப் பிடிப்பான், வலது கை சின்னச் சின்னதாகப் போய்ப் போய் வரும். குறுக்கே வைத்த கைகளுக்கு நடுவிலிருந்து அவன் கத்தியை உருவினால், அதன் கூர் மணிக்கட்டின் உள்பக்கம் உரசிக்கொண்டு போகும். நாடி பிடித்துப் பார்க்கிற அதே இடம். தடுப்பவரின் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்க, அவனுக்கு ஒரு கை சும்மா இருக்கிறது.

ஆகவே கேளுங்கள். ஆனால் மாணவர்கள் முன்னால் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். வகுப்பு முடிந்து, ஒரு தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு பேசுங்கள். "இது வேலைக்கு ஆகாது மாஸ்டர்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "மாஸ்டர், அவன் கையைப் பின்னால் இழுத்துட்டா நான் என்ன பண்றது?" என்று கேட்டால் அது மாணவனின் கேள்வி. அதற்குச் செய்துதான் காட்ட வேண்டும். ஒரு மரக்குச்சி நுனியில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். இருவரும் பழைய வெள்ளைச் சட்டையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இழுத்து இழுத்துக் குத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெதுவாகத் தொடங்குங்கள். முடிந்ததும் சட்டைக் கையைப் பார்த்தால் போதும், வாக்குவாதமே தேவையில்லை.

ஒருவேளை அவர் பக்கவாட்டில் விலகிவிட்டு உங்கள் முழங்கையைப் பிடித்துக் கட்டிவிடலாம். அல்லது "இது தூரமும் நேரமும் பழகத்தான் அண்ணா, தெருவுக்கு இல்லை" என்று சொல்லலாம். இரண்டும் நல்ல பதில்தான். அவரை 'மாஸ்டர்' என்றே கூப்பிடுங்கள். அவர் 'அண்ணா' என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு, அதை இந்த இடத்தில் செலவழிக்கலாம்.

வகுப்பில் பழகுவது ஒன்று, அரை மணி நேரம் பார்த்த பெண்களிடம் 'இது உங்களைக் காப்பாற்றும்' என்பது வேறு. நிகழ்ச்சியை மாற்றலாமா என்று கேளுங்கள். கையைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கமாக உருவிக்கொள்வது, சத்தம் போட்டுக் கூப்பிடுவது, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112 என்ற எண்கள் எல்லாம் இருக்கட்டும். கத்தி வந்தால் பையை அவன் முகத்தில் எறிந்துவிட்டு ஓடுவதாகக் காட்டுங்கள். கைதட்டல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், முட்டிவலி என்று சாக்கு சொல்லாமல், காரணத்தைச் சொல்லியே கத்தி பிடிக்கும் வேலையிலிருந்து விலகுங்கள். வகுப்பை விட வேண்டியதில்லை. ஆனால் அந்த மேடையில் இதைத்தான் காட்டுவேன் என்று அவர் நின்றால், நிகழ்ச்சியை நடத்தும் பேராசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்கு முன், சொல்லப்போகிறேன் என்று மாஸ்டரிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள்.