கடன் வாங்குமுன் ஒரு பாவனைக் கிளினிக்

கேள்வி: பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். இறுதித் தேர்வு எழுதிவிட்டுப் பயிற்சி மருத்துவராக இருக்கும் என் மகள், அடுத்த ஆண்டே சொந்தக் கிளினிக் தொடங்க விரும்புகிறாள். வாடகை, சம்பளம், கடன் தவணை என்று கேட்டால் விழிக்கிறாள். கல்லூரியில் இதைக் கற்றுத்தர வழியில்லையா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: வழி இருக்கிறது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2007-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலேயே, பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தின் கீழ், இடத் தேர்வும் கருவித் தேர்வும் கணக்குப் பதிவேடுகளும் இடம்பெற்றுள்ளன. அவை தேர்வில் எழுதி மறந்துவிடும் தலைப்புகளாக நின்றுவிடுவதே என் வருத்தம். நோயாளியின் வாயில் கைவைக்குமுன் 'பேன்டம் ஹெட்' எனும் பொம்மைத் தலையில் பல்லைக் குடைந்து பழகும் மாணவருக்கு, கிளினிக் நடத்திப் பழகவும் அப்படியொரு பொம்மை வேண்டும்.

ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கற்பனைக் கிளினிக்கைக் கொடுத்து, ஒவ்வொரு வகுப்பையும் ஒரு மாதமாகக் கொள்ளலாம். வாடகை 25,000, இரு உதவியாளர்களின் சம்பளம் 24,000, டென்டல் சேர் உள்ளிட்டவற்றின் கடன் தவணை 30,000, மின்சாரம், மருத்துவக் கழிவு அகற்றல் முதலியவற்றுக்கு 11,000 என்று வைத்துக்கொண்டால், ஒருவரும் வராவிட்டாலும் மாதம் 90,000 ரூபாய் செலவாகும். நோயாளி ஒருவரிடம் சராசரியாக 800 ரூபாய் பெற்று, பொருள்களுக்கும், செயற்கைப் பல் செய்துதரும் லேபுக்கும் 200 ரூபாய் போனால், மிஞ்சுவது 600. ஆகவே 150 பேர், அதாவது 25 வேலை நாட்களில் நாளொன்றுக்கு 6 பேர் வந்தால்தான் கைக்காசு போகாது. மருத்துவரின் சொந்த வருமானம் இதில் இன்னும் சேரவில்லை. இந்த 6 என்ற எண்ணைத் தாமே கண்டடைந்த மாணவர், கடைவீதியா புறநகரா, புதிய சேரா பழையதா என்பதை அதன்பின் நிதானமாக எடைபோடுவார். அடுத்த மாதம், கருவிகளை இயக்கக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர் பழுதாகட்டும். அளவு பொருந்தாத கிரவுன் (பல்லின் மேல் பொருத்தும் உறை) லேபிலிருந்து வர, சக மாணவர் ஒருவர் கோபங்கொண்ட நோயாளியாக நடிக்கட்டும்.

கேள்வி: இலாபக் கணக்கைப் பழக்குவது மருத்துவ அறத்தைக் கெடுக்காதா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: கணக்கு அறியாமல் கடனில் இறங்கியவரே, தவணை நெருங்கும்போது, அடைத்தால் போதுமான பல்லுக்கு ரூட் கேனால் சொல்லும் சபலத்துக்கு ஆளாவார் என்று நான் அஞ்சுகிறேன். ஆனாலும் தங்கள் கவலை நியாயமானது. எனவே குழுவின் ஒவ்வொரு சிகிச்சை முடிவையும் மூத்த ஆசிரியர் எக்ஸ்ரேயுடன் ஒப்பிட்டு, தேவையற்ற சிகிச்சையால் வந்த பணத்தை வரவிலிருந்து கழித்துவிட வேண்டும். கட்டண மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்துவிட்டதால், ஒப்புதல் படிவமும் சிகிச்சைப் பதிவேடும் வைக்காத குழுவுக்கு மூன்றாம் மாதம் ஒரு பாவனை வக்கீல் நோட்டீஸும் வரலாம்.