ஜாஸா, போலோவா: உள்ளே இடமும் சீட் வசதியும் எதில் அதிகம்?

இடம்தான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹோண்டா ஜாஸ். மூன்றாம் தலைமுறை ஜாஸின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,530 மி.மீ., ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் போலோவுக்குச் சுமார் 2,470. ஆனால் விஷயம் அந்த 60 மி.மீ.யில் மட்டும் இல்லை. ஜாஸில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதனால் மேஜிக் சீட் உள்ள மாடலில், பின் சீட்டின் உட்காரும் பகுதியை மேலே மடக்கிவிட்டு, உயரமான பூந்தொட்டியைக்கூடச் சாய்க்காமல் நிறுத்தலாம். போலோவிலோ, உயரமானவர் ஓட்டினால் பின்னால் இருப்பவருக்கு முட்டி இடிக்கும்.

சீட் சொகுசில் என் ஓட்டு போலோவுக்கு. முன் சீட் கொஞ்சம் கெட்டி, உட்கார்ந்ததும் பிடிக்காது. மூன்று மணி நேரம் ஓட்டி இறங்கும்போதுதான் அதன் அருமை இடுப்புக்குத் தெரியும்.

வாங்குவதற்குமுன் டிரைவர் சீட்டை உங்கள் உயரத்துக்குத் தள்ளிவைத்து, அதன் பின்னால் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.