ஐபிஎஸ் (IBS) குடல் தொல்லைக்கு ஹிப்னோதெரபி கைகொடுக்குமா?

கேள்வி: வயது 34. ஐந்து வருடமாக ஐபிஎஸ் எனும் எரிச்சல் குடல் நோய். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் நான்கு முறை கழிப்பறைக்கு ஓடுகிறேன். கொலோனோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். மாத்திரையில் பாதிதான் குறைகிறது. ஹிப்னோதெரபி (அறிதுயில் சிகிச்சை) செய்துபார் என்கிறார் நண்பர். அப்படியென்றால் வலி வெறும் மனப்பிரமையா?

பதில்: இல்லை, உங்கள் வலி நிஜம். மற்றவர்களுக்கு உறைக்காத சிறு வாயு அழுத்தத்தைக்கூட உங்கள் குடல் நரம்புகள் மூளைக்கு வலியாகச் சொல்கின்றன. 'பஸ்ஸில் போகும்போது வந்துவிட்டால்?' என்ற பதற்றம் சேர்ந்ததும் குடல் இன்னும் முடுக்கிக்கொள்கிறது. இந்தச் சிகிச்சை தணிக்கப் பார்ப்பது அந்த முடுக்கத்தைத்தான்.

மேடையில் காட்டும் வசியத்தை மனதில் வைத்துப் பயப்படாதீர்கள். நினைவு தப்பாது, வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடலாம். உடலைத் தளர்த்தி, வயிற்றில் கை வைத்து, அங்கே வெதுவெதுப்பு பரவுவதாக உணரச் சொல்வார்கள். உங்களைப் போல வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு, புரண்டோடும் ஆறு மெல்ல அடங்குவதாகக் கற்பனை. மலச்சிக்கல்காரருக்கு நேர்மாறாக, தேங்கிய ஆறு ஓடத் தொடங்கும். பெரும்பாலும் 6 முதல் 12 அமர்வுகள். நடுவே வீட்டிலும் தினமும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழக வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

1984-இல் பிரிட்டனின் மான்செஸ்டரில் குடல் மருத்துவர் பீட்டர் வோர்வெல், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத 30 பேரிடம் நடத்திய ஆய்விலேயே நல்ல பலன் தெரிந்தது. 2019-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் மூன்று மாதத்தில் போதிய நிவாரணம் கண்டவர்கள் தனி அமர்வில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம். வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 17 சதவீதம். எல்லோருக்கும் பலிக்காது, ஆனாலும் இது சின்ன வித்தியாசமில்லை. 12 மாதம் மருந்து எடுத்தும் சரியாகாதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்கிறது நைஸ் (NICE) எனும் பிரிட்டன் மருத்துவ அமைப்பின் வழிகாட்டி. ஐந்து வருடம் பொறுத்த நீங்கள் தாராளமாக முயலலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, இதில் எது தலைகாட்டினாலும் முதலில் உங்கள் குடல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, யாரிடம் போவது? ஹிப்னோசிஸ் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம். குடலுக்கான முறையில் பழக்கம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். ஒரே அமர்வில் குணம் என்பவரிடம் போகவே வேண்டாம். வலிப்பு அல்லது தீவிர மனநோய் இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லையா, குழு அமர்வு உண்டா என்று விசாரியுங்கள். அதே நெதர்லாந்து ஆய்வில் குழுவாகச் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது.