சிகாகோ டு சாண்டா மோனிக்கா: ஐந்து பைக், எட்டு நாள் போதுமா?

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர். நான்கு பேர் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறோம், ஒருவன் சென்னையிலிருந்து வருகிறான். செப்டம்பர் கடைசியில் சிகாகோவில் ஹார்லி வாடகைக்கு எடுத்து, ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை வழியாகவே போய் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒப்படைப்பதாகத் திட்டம். எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. மொத்தம் 2,400 மைல், நாளுக்கு 300 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சென்னையிலிருந்து கூர்க் வரை ஒரே நாளில் ஓட்டிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இது சரிவருமா? சென்னை நண்பனின் லைசென்ஸ் செல்லுமா? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சரிவராது. உங்கள் உடம்பு தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பகல் வெளிச்சம்தான் போதாது. கணக்கை நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

ரூட் 66 என்பது இன்று ஒரே நெடுஞ்சாலையாக இல்லை. 1926-இல் எண் பெற்ற அந்தச் சாலை 1985-இல் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. மிஞ்சியிருப்பவை துண்டு துண்டான பழைய சாலைகள். பல ஊர்களின் கடைத்தெரு வழியாக 25, 35 மைல் வேகத்தில் போகும், நாலு பக்கமும் ஸ்டாப் பலகை வரும், நடுவில் சாலை முடிந்து இன்டர்ஸ்டேட் என்ற பெரிய விரைவுச்சாலையில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். பழைய சாலையில் மணிக்கு 40 மைல் சராசரி வந்தாலே நல்ல வேகம். ஆக, 300 மைலுக்கு ஏழரை மணி நேரம் சீட்டிலேயே போய்விடும்.

அதற்கு மேல் நிறுத்தங்கள். ஐந்து பேர் கேஸ் ஸ்டேஷனுக்குள் நுழைவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டு பம்ப்தான் காலியாக இருக்கும். முதல் இருவர் கிளவுஸைக் கழற்றி, கார்டைத் தேடி எடுத்து, டேங்க் மூடியைத் திறக்கிறார்கள். பம்ப் உங்கள் கார்டு முகவரியின் ஜிப் கோடு (நம் ஊர் பின்கோடு போல) கேட்கும். சென்னைக்காரரின் கார்டுக்கு அமெரிக்க ஜிப் கோடு கிடையாது, பெரும்பாலும் அவர் உள்ளே போய்க் கவுன்டரில் முன்பணம் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும். நியூஜெர்சிக்காரர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு: உங்கள் மாநிலத்தில் பெட்ரோலை ஊழியர்தான் போடுவார், நீங்களே போட்டுப் பழக்கம் இருக்காது. பல இடங்களில் பச்சைக் கைப்பிடி டீசல், சில நிறுவனங்களிலோ பெட்ரோலுக்கே பச்சை. நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படித்துவிட்டுக் குழாயை எடுங்கள். ஐந்தாவது ஆள் போட்டு முடிப்பதற்குள் முதல் ஆள் காபி வாங்கப் போயிருப்பார், மூன்றாவது ஆள் பாத்ரூமில் இருப்பார். தனியாளாகப் போனால் பத்து நிமிடத்தில் முடிவது ஐந்து பேருக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு இப்படி மூன்று முறை, மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம், படமெடுக்க நிற்பது தனி. ஏழரை மணி நேரம் பதினொன்றாகிவிட்டது.

செப்டம்பர் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான். விடியலில் ஏறி அந்தியில் இறங்கினால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டெக்சஸிலிருந்து நியூ மெக்சிகோ போகும்போது ஒரு மணி நேரம், அங்கிருந்து அரிசோனா போகும்போது இன்னொரு மணி நேரம் கடிகாரம் பின்னுக்குப் போகும். கோடைகால நேரமாற்றத்தை அரிசோனா பின்பற்றுவதில்லை என்பதால் அங்கே செப்டம்பர் கடைசியில் மாலை ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கூடுதல் நேரம் கிடைத்தது என்று நம்பிக் கிளம்பியவர்கள் கடைசி அறுபது மைலை இருட்டில் ஓட்டுவார்கள். மான்கள் சாலைக்கு வருவது அந்த நேரத்தில்தான். ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் எல்க் எனப்படும் பெரிய மான் இனமும் உண்டு, குதிரை அளவு உடம்பு. கார் அதில் மோதினால் கார் நசுங்கும். பைக் மோதினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பைக்கில் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறைக்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள்.

எனவே என் பரிந்துரை: பழைய சாலையில் நாளுக்கு 200 மைல், இன்டர்ஸ்டேட் கலந்தால் 250 முதல் 300. முழு ரூட் 66-ம் வேண்டுமென்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் லீவு கேளுங்கள். எட்டுதான் என்றால் சிகாகோவை விட்டுவிட்டு ஓக்லஹோமா சிட்டியில் தொடங்குங்கள். வாடகை நிறுவனத்துக்கு அங்கே கிளை இல்லையென்றால், அதற்கு மேற்கே எங்கே இருக்கிறதோ அங்கிருந்து. பாலைவனமும் மலையும் பழைய சாலையின் மிக நீளமான அறுபடாத பகுதியும் மேற்குப் பாதியில்தான் இருக்கின்றன. இலினாய் சோளக்காட்டை இழப்பதால் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கருத்து, கோபித்துக்கொள்பவர்கள் உண்டு.

முந்தைய நாள் மாலையே விமானத்தில் போய் இறங்கிவிடுங்கள். முதல் நாள் அமரில்லோ வரை, சுமார் 260 மைல். இரண்டாம் நாள் ஏட்ரியனில் நின்று, சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் 1,139 மைல் என்று இரு பக்கமும் அம்புக்குறி காட்டும் பலகையைப் பார்த்துவிட்டு டுகும்காரியிலோ சான்டா ரோசாவிலோ தங்கலாம். மூன்றாம் நாள் ஆல்பகர்க்கி. இந்த இரண்டு நாளையும் வேண்டுமென்றே குட்டையாக வைத்திருக்கிறேன். மழையோ பஞ்சரோ ஒரு நாளைத் தின்றுவிட்டால் இரண்டையும் ஒன்றாக்கி ஈடுகட்டலாம். நான்காம் நாள் ஹால்ப்ரூக், ஐந்தாம் நாள் வில்லியம்ஸ். ஆறாம் நாள் மூட்டையைக் கட்டாமல், அதே அறையிலிருந்து கிராண்ட் கேன்யன் தென் விளிம்புக்குப் போய்த் திரும்புங்கள், ஒரு வழி 60 மைல்தான். ஏழாம் நாள் செலிக்மன், கிங்மன், ஓட்மன் வழியாக நீடில்ஸ். எட்டாம் நாள் சாண்டா மோனிக்கா, சுமார் 260 மைல். பெரும்பகுதி இன்டர்ஸ்டேட்டிலேயே போங்கள். நீடில்ஸுக்கும் லட்லோவுக்கும் இடையே பழைய சாலையின் பாலங்கள் வெள்ளத்தில் சேதமாகிச் சில பகுதிகள் மூடப்பட்டிருக்கும், கிளம்பும் முன் நிலவரம் பாருங்கள். வாடகைக் கடை மூடும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் டிராஃபிக்கில் சிக்கிக் கடை மூடிய பிறகு போய் நின்றால் இன்னொரு நாள் வாடகை விழும். அக்டோபர் முதல் வாரத்தில் ஆல்பகர்க்கியில் பலூன் திருவிழா தொடங்கும், அப்போது அறை கிடைப்பது கஷ்டம். அதற்கு முன்பே அந்த ஊரைத் தாண்டிவிடும்படி தேதி பாருங்கள்.

ஏழாம் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசோனாவில் ஆஷ் ஃபோர்க் அருகிலிருந்து டோபாக் வரை கிட்டத்தட்ட 160 மைல் பழைய சாலை அறுபடாமல் கிடைக்கிறது. செலிக்மனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோவும் ஊர்க்காரர்களும் 1987-இல் சங்கம் அமைத்து மாநில அரசிடம் போராடியதால் காப்பாற்றப்பட்ட சாலை இது. கிங்மனுக்கு அப்பால் சிட்கிரீவ்ஸ் கணவாய் வரும். கொல்லிமலையில் ஓட்டியவர்களுக்கு வளைவுகள் புதிதல்ல, ஆனால் அங்கே 200 கிலோ வண்டியில் ஓட்டியிருப்பீர்கள், இது 350 கிலோவுக்கு மேல். பல இடங்களில் ஓரத்தில் தடுப்புக் கம்பி கிடையாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, கண்ணை வளைவின் முடிவில் வைத்து நுழையுங்கள். ஓட்மன் தெருவில் கழுதைகள் நடமாடும். சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் அவை, ஹாரனுக்கு நகராது.

இப்போது உங்கள் சென்னை நண்பர். இந்திய லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலாவாக வருபவருக்குப் பொதுவாகச் சிக்கல் வராது. அதில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆர்.டி.ஓ.வில் ஓராண்டு செல்லும் சர்வதேச ஓட்டுநர் பர்மிட்டையும் வாங்கி வரச் சொல்லுங்கள், சில வாடகை நிறுவனங்கள் கேட்கும். உண்மையில் எனக்குக் கவலை உங்கள் நால்வரைப் பற்றித்தான். நியூஜெர்சி கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு பைக் எடுக்க முடியாது, அதில் மோட்டார் சைக்கிள் அனுமதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே அடிப்படைப் பயிற்சி வகுப்பில் சேருங்கள். தேறினால் சாலைத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்கும். ஊரில் எத்தனை வருடம் ஓட்டியவரானாலும் அந்த வகுப்பில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

சென்னைக்காரருக்கு இரண்டு பழக்கங்கள் மாற வேண்டும். ஒன்று, வலப்பக்கம் ஓட்டுவது. மற்ற வண்டிகள் இருக்கும்போது யாரும் தவறுவதில்லை. ஆளில்லாத ஊரில், காபி குடித்துவிட்டு வெறும் சாலையில் இடது பக்கம் திரும்பும்போதுதான் கை பழைய பக்கத்துக்குப் போகும். காலையில் முதல் ஐந்து நிமிடமும் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் அவர் இரண்டாவது ஆளாக, முன்னால் ஒரு வண்டியைப் பார்த்தபடி வரட்டும். இரண்டு, கார்களுக்கு நடுவில் புகுந்து போவது. உங்கள் பாதையில் கலிபோர்னியாவில் மட்டும் அது முழுமையாகச் சட்டபூர்வம். அரிசோனாவில் 2022 முதல் நின்றிருக்கும் வாகனங்களுக்கு நடுவே, 45 மைலுக்கு மேல் வேக வரம்பு இல்லாத சாலைகளில், 15 மைல் வேகத்துக்குள் மட்டும். மற்ற மாநிலங்களில் செய்தால் அபராத டிக்கெட்.

வண்டி எடுத்த உடனே சாலைக்கு வராதீர்கள். காலி பார்க்கிங் இடத்தில் ஐவரும் ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெரிய ஹார்லி ஓடும்போது விழாது, நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் விழும். பாதி கிளட்சில் இழுத்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி யூ-டர்ன் அடிக்க வர வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் அடுத்த நொடி வண்டி தரையில். மோட்டல் வாசலில் பெரும்பாலும் ஜல்லி. சரிவில் முகம் கீழே பார்த்து நிறுத்தினால் மறுநாள் காலை பின்னால் தள்ளி எடுக்க மூன்று பேர் வேண்டும்.

குழுவாக ஓட்டும் முறை எளிது. நேர்க்கோட்டில் வராமல், ஒருவர் பாதையின் இடப்புறம், அடுத்தவர் வலப்புறம் என்று மாறி மாறி வாருங்கள். குறுக்காக முன்னால் இருப்பவரிடமிருந்து ஒரு நொடி, நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து இரண்டு நொடி இடைவெளி. வளைவுச் சாலையில் ஒற்றை வரிசை. மிகவும் அனுபவசாலி முன்னால் போகக்கூடாது, கடைசியில் வர வேண்டும். யாருக்கு என்ன ஆனாலும் முதலில் போய்ச் சேருபவர் அவர்தான். பெட்ரோலை மிகச் சிறிய டேங்க் உள்ள வண்டியின் கணக்கில் போடுங்கள். ஒருவர் சுமார் 6 கேலன் டேங்க் உள்ள டூரிங் வண்டி எடுத்து, மற்றவர் அதில் பாதியளவு டேங்க் உள்ள வண்டி எடுத்தால் பயணம் முழுக்கச் சின்ன டேங்க்தான் உத்தரவு போடும்.

சேர்ந்தே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிக்னலில் பிரிந்த கடைசி ஆள் முன்னால் போனவர்களைப் பிடிக்க விரட்டும்போதுதான் விபத்து. வழி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னவர் காத்திருக்க வேண்டும் என்று ஒரே ஒப்பந்தம் போதும். யாராவது ஒருவர் எனக்கு இன்று முடியவில்லை என்றால் காரணம் கேட்காமல் அங்கேயே அறை தேடுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்படும் குழு எனக்குப் பயத்தைத் தருகிறது.

வானிலைக்கு இரண்டு வகை உடை வேண்டும். வில்லியம்ஸ் கிட்டத்தட்ட 6,800 அடி உயரம், காலையில் கை விறைக்கும். மறுநாள் நீடில்ஸில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கலாம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு ஓட்டுவது உடம்பை மேலும் சூடாக்கும். உள்பனியனைத் தண்ணீரில் நனைத்துப் போட்டு, ஜாக்கெட்டைக் கொஞ்சம் மட்டும் திறந்து வையுங்கள். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் நீர் இழப்பது தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடியுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டப் பெரியவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கும் மாநிலங்கள் வழியில் இருக்கின்றன. அந்தச் சலுகை உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக இன்சூரன்ஸ். நியூஜெர்சி கார் பாலிசியில் உள்ள மருத்துவச் செலவுப் பாதுகாப்பு மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பொருந்தாது. சில கம்பெனி ஹெல்த் பிளான்கள் பைக் விபத்தை விலக்கி வைத்திருக்கும், உங்கள் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். 2022 முதல் உள்ள சட்டப்படி, உங்கள் பிளானின் வலையமைப்பில் இல்லாத மருத்துவமனை அவசர சிகிச்சைக்கும், ஹெலிகாப்டர் ஆம்புலன்சுக்கும் உங்களிடம் கூடுதல் பில் போட முடியாது. சாலை ஆம்புலன்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சென்னை நண்பரின் டிராவல் இன்சூரன்ஸை வரி வரியாகப் படியுங்கள். பல பாலிசிகள் பைக்கையே சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் இத்தனை சி.சி. வரை என்று வரம்பு வைத்திருக்கும். வாடகை ஹார்லி 1,800 சி.சி.க்கு மேல்கூட இருக்கும். அவ்வளவு பெரிய வண்டியைச் சேர்க்கும் பாலிசி அவருக்குக் கிடைக்கவில்லை என்றால், விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே, அவர் கார் எடுத்து அனைவரின் மூட்டைகளையும் ஏற்றிக்கொள்ள, மற்ற நால்வர் பைக்கில் வருவதாகத் திட்டத்தை மாற்றிவிடுங்கள்.